பாறையின் மீது போட்ட பழி

கோலார் மாவட்டத்து ஆழ்துளைக் கிணறு ஒன்றின் நீரைச் சோதித்து, ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது என்று ஆய்வகம் அறிவித்தால் அந்த வட்டாரத்தில் எவரும் வியப்பதில்லை. நிலத்தடி நீர் அறிக்கைகளில் இதற்குரிய காரணமாக ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும்: புவிவழி மாசு. பாறையில் இருந்தது, நீரில் கரைந்தது, அவ்வளவுதான். நைட்ரேட்டுக்கு மட்டும் எதிர்ச்சொல்: மனிதவழி மாசு. சாக்கடையிலிருந்தோ உரத்திலிருந்தோ வந்தது என்று பொருள். வேதியியலுக்கு இந்தப் பாகுபாடு தேவைதான். ஆனால் படிப்பவர் மனத்தில் அது வேறொரு வேலையும் செய்துவிடுகிறது. ஒன்றுக்குக் குற்றவாளி உண்டு, மற்றொன்றுக்கு இல்லை என்றாகிறது. அறிக்கை நடையில் ஃபுளோரைடு எப்போதும் 'காணப்படுகிறது', 'கண்டறியப்படுகிறது'. அந்தச் செயப்பாட்டுவினைக்குப் பின்னால் செய்தவர் எவரும் நிற்பதில்லை.

அந்தப் பாறை 250 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அதே இடத்தில்தான் கிடக்கிறது. அதன் மேல் குடியேறியவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டி நீர் குடித்திருக்கிறார்கள். பழைய கிணறுகளில் ஃபுளோரைடு அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளில் மாறியது பாறையன்று. நீர் எடுக்கப்படும் ஆழம். ஆழம் மாறியதற்குக் காரணம் மேலே இருந்த நிலத்தின் பயன் மாறியது. புவிவழி என்ற சொல் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் காட்டிவிட்டு முதல் கண்ணியை மறைத்துக்கொள்கிறது.

முதல் கண்ணி வேறோர் அலுவலகத்தில், வேறொரு பதிவேட்டில் இருக்கிறது. கர்நாடக வருவாய்த் துறையின் பகணியில் 'கராப்' என்றொரு இனம் உண்டு. அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியாகத் தக்காணத்து ஆட்சிமொழிக்குள் நுழைந்த சொல் அது. கெட்டது, பாழானது என்று பொருள். 1966ஆம் ஆண்டின் கர்நாடக நில வருவாய் விதிகள் அதை இரண்டாகப் பிரிக்கின்றன. அளவையின்போது உழவுக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்டது 'ஏ கராப்'. பலரும் பயன்படுத்தும் பாதை, ஏரி, ஓடை, இடுகாடு முதலியவை 'பி கராப்'. வரி விதிக்க முடியாதது என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான இலக்கணம். ஆக, ஓர் ஊரின் நிலத்தடி நீரை நிரப்பித் தந்த ஏரியும் அதற்கு மழைநீரைக் கொண்டுவந்து சேர்த்த ஓடையும் அரசின் ஏட்டில் பாழ்நிலத்தோடு ஒரே வரிசையில் நின்றன. (தமிழ்நாட்டின் 'புறம்போக்கு' வசைச்சொல்லாகவே ஆகிவிட்டதை நினைத்தால் கன்னடம் சற்று மென்மையாகத்தான் நடந்துகொண்டது.)

ஊரார் பேச்சில் அந்த இடத்தின் பெயர் வேறு. கன்னடத்தில் கெரெ, தெலுங்கில் செருவு, பழந்தமிழில் சிறை. மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. முன்னுயிருக்கு முன் வந்த ககரம் தமிழிலும் தெலுங்கிலும் சகரமாக அண்ணமயமானது. கன்னடம் ககரத்தை அப்படியே வைத்துக்கொண்டது. கன்னடத்துக் கிவியும் தமிழ்ச் செவியும் போலத்தான். 'கற்சிறை' என்று நீரைத் தடுக்கும் கல்லணையைச் சுட்டிய அந்தச் சொல் இன்றைய தமிழில் குற்றவாளியை அடைக்கும் இடமாகச் சுருங்கிவிட்டது. அடைத்து நிறுத்துதல் என்ற வேர்ப்பொருள் மட்டும் மாறவில்லை. தக்காணத்து ஏரி செய்ததும் அதுதான். ஓடிப்போகும் நீரை ஓரிடத்தில் நிறுத்தியது. நின்ற நீர் கீழே இறங்கியது.

எங்கே இறங்கியது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெங்களூரும் கோலாரும் அமர்ந்திருப்பது கடினப் பாறையின் மேல். ஆற்றுப்படுகைகளில் இருப்பதுபோல் நூற்றுக்கணக்கான அடி மணல் அங்கே இல்லை. மேலே மண்; அதன் கீழே சிதைந்து நொறுங்கிய பாறையின் ஒரு படலம்; அதற்கும் கீழே இறுகிய பாறையும் அதில் ஆங்காங்கே ஓடும் விரிசல்களும். திறந்த கிணறுகள் நொறுங்கிய படலத்தில் ஊறிய நீரை எடுத்தன. அது இளம் நீர். சென்ற ஆண்டோ அதற்கு முந்தைய சில ஆண்டுகளிலோ பெய்த மழை. ஆழ்துளைக் கிணறு தொடுவது விரிசல்களில் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த முதிய நீரை. இளம் நீருக்கும் முதிய நீருக்கும் இடையிலான வேறுபாடு சுவையோடு முடிவதில்லை. பாறையோடு நீண்ட நாள் உறவாடிய நீரில் சோடியமும் பைகார்பனேட்டும் பெருகும். கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து வெளியேறிவிடும். கால்சியம் இருக்கும்வரை அது ஃபுளோரைடைப் பிடித்துப் படியவைத்து ஓர் அளவுக்குள் நிறுத்தும். கால்சியம் போனபின் ஃபுளோரைடைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. அது கருங்கல்லிலுள்ள கரிய அபிரகத்திலிருந்தும் பிற கனிமங்களிலிருந்தும் கரைந்துகொண்டே இருக்கும்.

கோலாரில் இந்த முதிய நீரைத் தேடிப் போகும் நிலை எப்படி வந்தது? அது வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம். ஆயிரக்கணக்கான ஏரிகளைக் கட்டி அந்தக் குறையை ஈடுசெய்துகொண்ட மாவட்டம். கேழ்வரகு மழையை நம்பியது, நெல் ஏரியை நம்பியது. பின்னர் மல்பெரி வந்தது, திராட்சை வந்தது, தக்காளி வந்தது. இவற்றில் எதுவும் தவறான பயிரன்று. சந்தை கேட்டது, உழவர் விளைவித்தார். ஆனால் ஆண்டு முழுவதும் நீர் கேட்கும் பயிருக்கு ஏரியின் பருவகால நீர் போதாது. ஆழ்துளைக் கிணறு ஏரியை விலக்கியது. ஏரியை நம்பாதவர் ஏரிக்குத் தூர்வாரவும் போகவில்லை. ஓடையை மேய்ந்து வயலாக்கியவரை யாரும் கேட்கவில்லை, அது கராப்தானே. ஏரிக்கு வரும் நீர் குறையக் குறையக் கிணற்றின் ஆழம் கூடியது. இப்போது அங்கே ஆயிரம் அடி என்பது சாதாரணம், ஆயிரத்தைந்நூறும் கேள்விப்படாததன்று. அந்த ஆழத்து நீரை இறைத்து வயலில் பாய்ச்சினால் வெயில் நீரை எடுத்துக்கொள்ளும். உப்பும் ஃபுளோரைடும் மண்ணில் தங்கும். அடுத்த நீர்ப்பாய்ச்சலிலோ மழையிலோ மறுபடி கீழிறங்கும்.

தைல மரத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தின்கீழ் கோலாரின் கேழ்வரகுக் கொல்லைகள் பல தைலத் தோப்புகளாயின. ஆள் வேண்டாம், காவல் வேண்டாம். சில ஆண்டுகளில் வெட்டி விற்றால் காகித ஆலைக்குக் கூழ்மரம். நகரத்தில் வேலை பார்ப்பவருக்கு ஊரிலுள்ள நிலத்தைக் கையில் வைத்துக்கொள்ள அதைவிட வசதியான பயிர் கிடையாது. கோலாருக்கும் பெங்களூருக்கும் இடையிலுள்ள ஹொசகோட்டையில் செய்து 1990களில் வெளியான அளவீடு ஒன்று, ஆழமான மண்ணில் நட்ட தைல மரங்கள் மூன்றாண்டுகளில் பெய்த மழையைவிட அதிகமான நீரைச் செலவிட்டதாகக் காட்டியது. மழை போதாதபோது வேர் ஆழத்து மண்ணின் சேமிப்பை எடுத்துக்கொண்டது. இத்தகைய தோப்பின் கீழே நிலத்தடிக்குப் போய்ச்சேர ஏதும் மிஞ்சாது. 2017இல் கர்நாடக அரசு புதிதாகத் தைல மரம் நடுவதற்குத் தடை விதித்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நீலகிரி மலையில் ஊன்றிய அந்த மரத்துக்குக் கன்னடத்தில் பெயரே 'நீலகிரி'. வந்தேறிக்கு ஊர்ப்பெயர் வாய்த்துவிட்டால் பிறகு அதை வெளியாள் என்று எவரும் பார்ப்பதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு குவளையில் வந்து நிற்கும் ஃபுளோரைடைப் பாறையின் கணக்கில் எழுதுவது பாதி உண்மை. மூலகம் பாறையினுடையது. அதைக் குவளைக்குக் கொண்டுவந்த வழி பயிரும் தோப்பும் தூர்ந்த ஓடையும் சேர்ந்து போட்டது.

பெங்களூரின் கதை எதிர்த்திசையில் ஓடுகிறது. அங்கே ஏரி கைவிடப்பட்டது உழவால் அன்று, குழாயால். 1890களில் ஹெசரகட்டாவிலிருந்தும், 1930களில் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும், 1974 முதல் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள காவிரியிலிருந்தும் நீர் வந்தபின், ஊரின் நடுவிலிருந்த ஏரிகள் வேலையிழந்தன. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. பெயர்கள் மட்டும் நிலைத்துவிட்டன. ஜக்கசந்திரா, சிங்கசந்திரா, பொம்மசந்திரா என்பவற்றின் ஈற்றிலிருப்பது சந்திரன் அன்று. ஏரியைச் சுட்டிய 'சமுத்திரம்' தேய்ந்து சந்திராவானது. பொம்மசந்திரா இன்று ஒரு தொழிற்பேட்டையின் பெயர்.

இந்த நகரத்தின் விளிம்பில் முப்பதுக்கு நாற்பது அளவில் ஒரு சைட் வாங்குபவர் முதலில் கற்றுக்கொள்ளும் சொற்கள் கன்னடமும் ஆங்கிலமும் கலந்தவை. டிசி கன்வர்ஷன் ஆனதா? ஏ கத்தாவா, பி கத்தாவா? ரெவின்யூ சைட்டா? வேளாண் நிலத்தைப் பிற பயனுக்கு மாற்ற 1964ஆம் ஆண்டின் நில வருவாய்ச் சட்டம் 95ஆம் பிரிவில் வழி வகுத்திருக்கிறது. அந்த வழியில் போகாமலே வயல் மனைகளாகப் பிரிக்கப்பட்டால் அது ரெவின்யூ சைட். விலை மலிவு, கடன் கிடைப்பது அரிது, சாக்கடைக் குழாய் இல்லை. விற்பவர், வாங்குபவர், எழுதிக்கொடுப்பவர் என்று மூவரும் உரிமையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். கழிவறை நீர் எங்கே போகும் என்பது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்: பிட் எடுத்துக்கொள்ளலாம். வீட்டின் ஒரு மூலையில் பிட், மறு மூலையில் போர்வெல். நாற்பது அடிக்குள் இரண்டும் அடங்கியாக வேண்டும்.

பிட்டில் நடப்பது எளிய வேதியியல். சிறுநீரிலும் மலத்திலும் உள்ள நைட்ரஜன் அம்மோனியாவாகிறது. காற்றுப் படும் மண்ணில் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. களிமண் துகள்களின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் உடையது, நைட்ரேட்டும் அப்படியே. ஆகவே மண் அதைப் பற்றிக்கொள்வதில்லை. நீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகிறது. ஒரு பிட்டால் பெரிய கேடில்லை. ஒரு காலத்தில் நான்கு வீடுகள் இருந்த இடத்தில் நானூறு பிட்டுகள் வரும்போது, மேற்பரப்பெங்கும் சிமெண்டு பூசப்பட்டு அதைக் கலந்து நீர்க்கச் செய்யும் மழையும் உள்ளே இறங்காதபோது, கணக்கு மாறுகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் நைட்ரேட்டின் எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்கவில்லை என்றாலும் இதில் தளர்வு கிடையாது. கைக்குழந்தையின் குருதி ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலை நைட்ரேட் குறைக்கும் என்பது அதற்குக் காரணம். இதில் ஒரு கொடிய நகைமுரண் உண்டு. தண்ணீரில் ஐயம் வந்தால் காய்ச்சிக் குடிப்பது எல்லாத் தாய்மாரும் அறிந்த பாதுகாப்பு. காய்ச்சினால் கிருமி சாகும்; நைட்ரேட் ஆவியாவதில்லை; நீர் வற்றுவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். நிறமில்லை, மணமில்லை, நாக்கும் காட்டிக்கொடுப்பதில்லை.

நகரத்தின் நடுப்பகுதியில் நிலத்தடி நீர்மட்டம் புறநகரைவிட மேலே இருப்பது முதலில் வியப்பளிக்கும். காவிரிக் குழாய்களின் கசிவும் சாக்கடைக் கசிவும் அங்கே நிலத்தை நனைத்துக்கொண்டே இருக்கின்றன. மட்டம் உயர்வது நற்செய்தியாக அறிவிக்கப்படும்போது எந்த நீரால் உயர்ந்தது என்று கேட்பவர் குறைவு. அளவும் தரமும் ஒன்றாக ஏறி இறங்கும் என்ற எண்ணம் நாளிதழ் தலைப்புகளில் ஊறிப்போனது. நகரத்து நீரில் அது பெரும்பாலும் பொய்க்கிறது. பீண்யாவைப் பற்றி ஒரே வரி போதும்: மின்முலாம் பூசும் பட்டறைகள் நிறைந்த அந்தத் தொழிற்பேட்டையின் நிலத்தடியில் குரோமியம் சேர்ந்தது. நிலவரைபடத்தில் அந்த இடத்துக்கு ஊதா வண்ணம் தீட்டிய நாளிலேயே அது எதிர்பார்க்கக்கூடியதாக இருந்தது.

2007இல் மாநகராட்சியின் எல்லை விரிந்தபோது 110 கிராமங்கள் நகரத்துக்குள் வந்தன. அக்கிராமங்களுக்கெனத் திட்டமிட்ட காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கப்பட்டது 2024 அக்டோபரில். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளும் அங்கே குடியேறியவர்கள் போர்வெல்லையும் டேங்கரையும் நம்பி வாழ்ந்தார்கள். டேங்கர் நீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று கேட்டால் ஓட்டுநர் ஊர்ப்பெயரைச் சொல்வார், அதுவும் மனமிருந்தால். வசதியுள்ளவர் வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்தார், இல்லாதவர் தெருமுனைச் சுத்தக் குடிநீர் நிலையத்தில் நாணயம் போட்டுக் கேனை நிரப்பினார். இரண்டும் உப்பை அழிப்பதில்லை, பிரிக்கின்றன. பிரித்த கழிவுநீர் பக்கத்துக் கால்வாயில் விடப்படுகிறது. 'ராஜகாலுவே' என்ற அந்தக் கால்வாயின் பெயரில் மட்டும் இன்னும் அரச கம்பீரம் குறையவில்லை.

இவ்விரண்டு கதைகளும் 2018இல் ஒன்றாகின. பெங்களூரின் கோரமங்கலா, சல்லகட்டா பள்ளத்தாக்கில் இரண்டாம் நிலைவரை சுத்திகரித்த கழிவுநீரை, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் அளவில் குழாய் வழியே கோலாருக்கு ஏற்றி 126 ஏரிகளை நிரப்பும் திட்டம் அந்த ஆண்டு செயலுக்கு வந்தது. வறண்டு கிடந்த ஏரிகளில் நீர் நின்றது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் மட்டம் ஏறியது. கைவிட்ட போர்வெல்கள் மறுபடி இறைத்தன. தாகத்தில் இருந்தவர்களிடம் அந்த நீர் வேண்டாம் என்று சொல்லும் தகுதி நகரத்தில் அமர்ந்திருப்பவர் எவருக்கும் இல்லை. முதிய நீரோடு இளம் நீர் கலந்தால் ஃபுளோரைடு குறையவும் வாய்ப்புண்டு. ஆனால் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் முழுமையாக நீக்குவதற்காக அமைந்ததன்று. திட்டம் தொடங்கிய சில வாரங்களிலேயே ஓர் ஏரியில் நுரை எழ, வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. ஏரியிலிருந்து நேரடியாக இறைக்கக் கூடாது, மண் வடிகட்டித் தந்தபின் கிணற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நொறுங்கிய பாறைப் படலத்தின் வடிகட்டும் ஆற்றலை நம்பி ஒரு மாவட்டமே நிற்கிறது. அந்தப் படலம் நைட்ரேட்டைப் பிடிக்காது என்பது பெங்களூரின் பிட்டுகள் ஏற்கெனவே எழுதிவைத்த பாடம். சரியான கேள்வி திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் கிணறுகளின் தொடர் கண்காணிப்பும் ஏன் பின்னால் சேர்க்க வேண்டியவையாக வைக்கப்பட்டன என்பது.

பள்ளத்தாக்கின் எஞ்சிய நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாக வந்து நிற்கிறது. அங்கே அது மாநிலங்களுக்கு இடையிலான தகராறாகப் பேசப்படும். நிலப்பயன்பாட்டின் விளைவாகப் பேசப்படுவதில்லை.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டுத் தர அறிக்கை, நாட்டின் 440 மாவட்டங்களில் நைட்ரேட் எல்லை மீறிய கிணறுகள் இருப்பதாகச் சொல்கிறது. சோதித்த மாதிரிகளில் ஐந்தில் ஒரு பங்கு. ஃபுளோரைடில் எல்லை மீறியவை ஏறத்தாழ 9 விழுக்காடு. வெளியிடப்படும் அட்டவணைகளில் ஒவ்வொரு கிணற்றுக்கும் மாநிலம், மாவட்டம், ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, பிறகு வேதிப்பொருள்களின் நீண்ட வரிசை. அந்தக் கிணற்றைச் சுற்றியிருந்த நிலம் முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னவாக இருந்தது, எந்த ஆண்டு மாறியது என்பதற்கு ஒரு பத்தி கிடையாது. நிலத்துக்கும் நீருக்கும் இடையே கால இடைவெளி உண்டு. இன்று கிணற்றில் தெரியும் நைட்ரேட் இன்று பேசப்படும் மனைப்பிரிவினுடையதன்று. ஒருவேளை 1995இல் விற்கப்பட்டதனுடையது. இன்றைய நிலப்பயன்பாட்டு வரைபடத்தையும் இன்றைய நீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொடர்பு காணும் ஆய்வேடுகள் பல்கலைக்கழக நூலகங்களில் குவிந்திருக்கின்றன. அவற்றுள் பலவற்றில் தொடர்பு வலுவற்றதாக வருவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

கர்நாடகத்தில் இதைச் சரிசெய்வது பிற மாநிலங்களைவிட எளிது. 'பூமி' திட்டத்தின்கீழ் இரண்டு கோடிப் பகணிகள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கணினியில் ஏறிவிட்டன. சர்வே எண்ணும் கிணற்றின் ஆயத்தொலையும் கிடைத்தால் இரண்டு பதிவேடுகளையும் பொருத்திவிடலாம். அதற்கு நிலவியல் துறை மாணவர் ஒருவர் வருவாய் அலுவலகத்தின் கன்னடத்தைப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கெரெ அங்களம் என்றால் ஏரிப்படுகை, கோமாளம் என்றால் மேய்ச்சல் நிலம், குண்டுதோப்பு என்றால் ஊர்ப்பொதுத் தோப்பு, பி கராப் என்றால் பாழ்நிலம் அன்று என்று அறிந்திருக்க வேண்டும். தொடங்குவதற்குக் கோலாரின் 126 ஏரிகளைச் சுற்றியுள்ள கிணறுகளே பொருத்தமானவை. அவற்றில் நீர் இறங்கத் தொடங்கிய ஆண்டு ஐயமின்றித் தெரியும். நைட்ரேட் கிணற்றை எட்ட எத்தனை ஆண்டு என்பதை அங்கே நேரடியாக அளந்துவிட முடியும். கோடையில் ஒரு முறை எடுக்கும் மாதிரி இதற்குப் போதாது. மழைக்கு முன்னும் பின்னும், குறைந்தது ஐந்தாண்டுகள் எடுத்தாக வேண்டும்.